உப்புக்காற்றில் ஆட்டோமேட்டிக் வாட்ச்: கட்டிப் பழகியவர்கள் சொல்வதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் சின்னக் கடை வைத்து 18 வருடமாக வாட்ச் பழுது பார்க்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கடலோரம் முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பாதி, கட்டிப் பழகியவர்கள் சொன்னது. மீதி, பின்மூடியைத் திறந்து நான் பார்த்தது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக் என்றால் என்ன? பேட்டரி வாட்ச்சை விட உசத்தியா?

உள்ளே பேட்டரி கிடையாது. சுருள்வில் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தாத்தா தினமும் காலையில் சாவி கொடுப்பாரே, அதே வேலையை இங்கே ரோட்டார் என்ற அரைவட்டத் தகடு செய்கிறது. கை அசைய அசைய அது சுழன்று வில்லை முறுக்கும். நேரம் துல்லியமாக வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் பேட்டரி வாட்ச்சே வாங்குங்கள். சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்கு 20 வினாடி தவறும். நல்ல ஆட்டோமேட்டிக் அதை ஒரே நாளில் தவறும். ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆட்டோமேட்டிக் 30 வருடம் ஓடும், திறந்து துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி ஓட வைக்கலாம். அந்தப் பிடிப்பு உள்ளவர்களுக்குத்தான் இது.

"எனக்கு நல்லா ஓடுது" என்று ஒருவர் சொன்னால் நம்பி வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை வருடமாகக் கட்டுகிறார்? எங்கே கட்டுகிறார்? ஒரு தடவையாவது சர்வீஸ் செய்தாரா?

ஏன் சொல்கிறேன் என்றால், வாங்கி ஆறு மாதமான வாட்ச் எல்லாமே நல்ல வாட்ச்தான். பரமக்குடியில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போகிறவருக்கு 10 வருடம் ஓடிய அதே மாடல், பாம்பனில் படகில் போகிறவருக்கு இரண்டே வருடத்தில் நின்றுபோயிருக்கிறது. வாட்ச் மேல் குற்றமில்லை. ஒருவருக்கு வியர்வை மட்டும், மற்றவருக்கு வியர்வையோடு உப்புத்தண்ணியும். இணையத்தில் படிக்கும் கருத்துகளில் பெரும்பாலானவை ஏசி அறையில் இருந்து எழுதப்பட்டவை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் அவர்கள் ஒரு வாரம்கூட அதைக் கட்டியதில்லை. நேரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்று அவர்கள் வினாடிக் கணக்கில் எழுதுவார்கள். நமக்கு முதலில் தெரிய வேண்டியது, தண்ணீர் உள்ளே போகாமல் எது தடுக்கிறது என்பதுதான்.

சீக்கோ 5, ஓரியன்ட், சிட்டிசன்: மூன்றில் எது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீக்கோ 5 முதலில் 1963-இல் வந்தது. ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் ஒரே சன்னலில், தண்ணீர் தாங்குவது, 4 மணி இடத்தில் ஒதுங்கிய சாவி (நேரம் வைக்கத் திருகும் குமிழ்), உறுதியான கூடும் செயினும் என ஐந்து குணங்களை வைத்து 5 என்று பெயர். நம் பக்கம் பலர் கையில் இருப்பது பழைய எஸ்.என்.கே. வகை. உள்ளே 7எஸ்26 மெஷின். அதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும்போது வினாடி முள்ளும் நிற்காது. கட்டுபவர்கள் சொல்லும் ஒரே பெரிய குறை இதுதான். ஆனால் மெஷின் முரட்டு மெஷின். எண்ணெய் வறண்டு போனபிறகும் ஓடிக்கொண்டே வந்த 7எஸ்26-ஐப் பல முறை திறந்திருக்கிறேன். 2019-இல் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் புது வரிசை வந்தது. அதில் 4ஆர்36 மெஷின், கையாலும் சாவி கொடுக்கலாம், வினாடி முள்ளை நிறுத்தலாம், 100 மீட்டர் தண்ணீர் தாங்கும். விலையும் ஏறிவிட்டது. 42.5 மில்லிமீட்டர் அகலம், ஒல்லிக் கைக்குப் பெரிதாகத் தெரியும்.

ஓரியன்டில் இரண்டு பெயர் அடிபடும், பாம்பினோ, காமாசு. பாம்பினோ அழகான வாட்ச். குவிந்த கண்ணாடி, மெல்லிய முட்கள், பார்த்தால் அந்தக் காலத்து வாட்ச் போலவே இருக்கும். கட்டுபவர்கள் மனசாரப் புகழ்கிறார்கள். ஆனால் அது 30 மீட்டர் வாட்ச், கல்யாண வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ளது. காமாசு வேறு ஆள். 200 மீட்டர், திருகி மூடும் சாவி, எளிதில் கோடு விழாத சஃபையர் கண்ணாடி, கிழமை தேதி இரண்டும் உண்டு. இந்த விலைக்கு இவ்வளவும் கொடுப்பது அபூர்வம் என்று கட்டுபவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதே எண்ணம். ஓரியன்ட் இப்போது சீக்கோ எப்சனுக்குச் சொந்தம். அதற்காக சீக்கோ சாமான் ஓரியன்டுக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், மெஷின் வேறு.

சிட்டிசனில் சுயோசா என்ற மாடலை இளைஞர்கள் விரும்புகிறார்கள். 40 மில்லிமீட்டர், சஃபையர் கண்ணாடி, கூட்டோடு சேர்ந்தே வரும் செயின், பளிச்சென்ற டயல். 50 மீட்டர்தான் தாங்கும். கடலுக்கென்றால் புரோமாஸ்டர் என்.ஒய்.0040. 200 மீட்டர், திருகு சாவி 8 மணி இடத்தில் இருக்கும். சிட்டிசனின் 82 வரிசை மெஷின் ஒரு பக்கம் சுழலும்போது மட்டுமே வில்லை முறுக்கும், மறுபக்கம் ரோட்டார் சும்மா சுற்றும். இரவு அமைதியில் கையை ஆட்டினால் சின்ன விசிறி சுற்றுவது போலச் சத்தம் கேட்கும். "உள்ளே ஏதோ கழன்று போச்சுண்ணே" என்று கொண்டு வருவார்கள். கழலவில்லை, அதன் சுபாவம் அது. சட்டென்று கையை உதறினால் வினாடி முள் ஒரு கணம் தயங்கி நிற்பதும் அப்படித்தான். இரண்டையும் பழுது என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சாவி இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். 3 மணி இடத்தில் சாவி இருந்தால் வலை இழுக்கும்போது புறங்கையில் குத்தும், நரம்பு வலை சாவியில் மாட்டும். 4 மணி, 8 மணி இடத்தில் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு என்று நாட்டுப்படகுக்காரர்கள் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எந்த விளம்பரத்திலும் இதைப் பார்த்ததில்லை.

டைட்டன், எச்.எம்.டி. எப்படி?

டைட்டன் நம் மாநிலத்துக்காரன். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, ஓசூரில் ஆலை. அவர்களின் ஆட்டோமேட்டிக்கில் உள்ளே சக்கரம் தெரியும்படி டயலைத் திறந்து வைத்த மாடல்கள் உண்டு. பரிசு கொடுக்க நன்றாக இருக்கும். பெரிய பலம், மதுரை வரை போனாலே கம்பெனி ஆட்களிடம் காட்டலாம். தண்ணீருக்கு எத்தனை மீட்டர் என்று பின்மூடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எச்.எம்.டி. 1961-இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அவர்களின் ஜனதா மாடல் கையால் சாவி கொடுக்கிற வாட்ச், ஆட்டோமேட்டிக் அல்ல. அப்பாவின் ஜனதா பெட்டிக்குள் கிடந்தால் விற்காதீர்கள். துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும்.

நாளுக்கு 20 வினாடி கூட ஓடுகிறது. பழுதா?

இல்லை. 4ஆர்36-க்கு சீக்கோ சொல்லும் அளவே நாளுக்கு 45 வினாடி கூட, 35 வினாடி குறைய வரை. ஓரியன்ட் எஃப்6 மெஷினுக்கு 25 கூட, 15 குறைய. பெரும்பாலானவை இதைவிட நன்றாகவே ஓடும். 20 வினாடி என்றால் வாரத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வரும். நோன்பு நேரத்தில் சஹருக்கும் இஃப்தாருக்கும் இதை மட்டும் நம்ப வேண்டாம், வாரம் ஒரு முறை சரிசெய்துகொள்ளுங்கள். இரவில் கழற்றி வைக்கும்போது டயல் மேலே பார்க்கும்படி வைத்துப் பாருங்கள், இன்னொரு நாள் சாவி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் கூட ஓடும், ஒரு நிலையில் குறைய ஓடும். பகலில் கூடியதை இரவில் ஈடுகட்டும் நிலையைக் கண்டுபிடித்துவிட்டால் என்னிடம் வர வேண்டிய வேலையே இல்லை.

30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கடலில் இறங்கலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

30 மீட்டர் என்பது ஆழம் அல்ல. அசையாத தண்ணீரில் அவ்வளவு அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதுதான் அதன் பொருள். நீந்தும்போது கை தண்ணீரை அடிக்கும் வேகம் வேறு, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வாஷர் வயதாவது வேறு. 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 மீட்டருக்கும் கடலை நான் சிபாரிசு செய்வதில்லை. 100 மீட்டர் நீந்த, 200 மீட்டரும் திருகு சாவியும் இருந்தால் கடல் தொழிலுக்கு. எண் எதுவானாலும் சாவியை வெளியே இழுத்துவிட்டால் எல்லாம் பூஜ்யம்தான்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வாட்ச் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனிக்கும் இதுதான் நடந்திருக்கும். வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்தது. செயினைத் துடைத்து மினுக்கியிருந்தார். பின்மூடியைத் திருகினேன், நறநறவென்று சத்தம். மூடியின் விளிம்பைச் சுற்றி உப்பு வெள்ளை மாவாகப் படிந்திருந்தது. ரப்பர் வாஷர் இலந்தை வடகம் போலக் கறுத்துத் தட்டையாகி, தொட்டதும் மூன்று துண்டாக உடைந்தது. சாவித் தண்டைச் சாமணத்தால் பிடித்தேன், செம்மண் நிறத்தில் உதிர்ந்தது. துரு தண்டு வழியே நடந்து போய் முதல் சக்கரத்தின் பல் மூன்றைத் தின்றிருந்தது. 50 மீட்டர் வாட்ச். கட்டியவர் முங்கவில்லை, வடகடலில் இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளி ஏறுவார், அவ்வளவுதான். "நாலு வருசமா ஒண்ணும் ஆகலையேண்ணே" என்றார். நாலு வருடமும் வாஷர் தாங்கியது. பிறகு அது தாங்கவில்லை. முதல் இரண்டு வருடத்திலேயே வாஷரை மாற்றியிருந்தால் மெஷின் பிழைத்திருக்கும். அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு மீன் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

கடலுக்குப் போய் வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

100 மீட்டர், அதற்கு மேல் உள்ள வாட்ச் என்றால் சாவி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் செயின் கண்ணிகளுக்கு நடுவிலும் பட்டை மாட்டும் பின் இருக்கும் இடத்திலும் தேயுங்கள். துணியால் ஒற்றி நிழலில் வையுங்கள். நல்ல தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊரில் இருக்கிறோம், தெரியும். ஒரு சொம்பு போதும். குறைந்த மீட்டர் வாட்ச்சை அலச வேண்டாம், ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தால் போதும்.

துருப்பிடிக்காத இரும்பு என்று சொன்னாலும் உப்பு தேங்கி நிற்கும் இடுக்குகளில் புள்ளி புள்ளியாக அரிக்கும். முதலில் போவது அந்தப் பின்தான். பின் அறுந்து வாட்ச் கடலில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். வருடம் ஒரு முறை பின்னை மாற்றுங்கள்.

கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்தால் வெயிலில் வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அன்றைக்கே திறக்க வேண்டும். உப்புத்தண்ணி என்றால் நாள் கணக்கு அல்ல, மணிக்கணக்கு.

தோல் பட்டையா, செயினா, ரப்பரா?

தோல் வேண்டாம். நம் ஊர் வியர்வைக்கு ஒரு கோடை தாங்காது, நாற்றமும் வரும். ரப்பரோ நைலானோ நல்லது. நைலான் உப்பைப் பிடித்து வைக்கும், அடிக்கடி அலச வேண்டும்.

சஃபையர் கண்ணாடி அவசியமா?

ஆனி, ஆடியில் தனுஷ்கோடி ரோட்டில் பைக்கில் போயிருக்கிறீர்களா? மணல் முகத்தில் சுள்ளென்று அடிக்கும். மோஸ் என்ற கடின அளவுகோலில் அந்த மணலின் கடினம் 7, சாதாரணக் கண்ணாடியின் கடினம் 6-க்குள், சஃபையர் 9. அதனால் சாதாரணக் கண்ணாடியில் மணல் கோடு போடும், சஃபையரில் போடாது. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியை விடக் கொஞ்சம் தேவலை. ஆனால் சஃபையர் நேராக அடிபட்டால் உடையும். கடலோரத்திலேயே இருப்பவர்களுக்கு சஃபையருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்த சீக்கோவில் கிழமை அரபியில் காட்டுகிறது. மாற்ற முடியுமா?

கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்கள் அதிகம் கேட்பது. கடைக்கு வரவே வேண்டாம். கிழமைத் தட்டில் அரபியும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அச்சடித்திருக்கும். சாவியை முதல் நிலைக்கு இழுத்து, கிழமை மாறும் பக்கமாகத் திருகி, வேண்டிய மொழியில் வேண்டிய கிழமை வரும்போது நிறுத்துங்கள். அதன் பிறகு தினமும் அந்த மொழியிலேயே வரும். நள்ளிரவு தாண்டிப் பார்த்தால் மற்ற மொழி கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அது சரியான ஓட்டம்தான்.

ஒன்று மட்டும் கவனம். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தேதி, கிழமையைச் சாவியால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே தேதிப் பல் கோத்துக்கொண்டிருக்கும், திருகினால் முறியும். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் விழித்திருக்கிற நேரமும் அதுதான். படகில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை அங்கேதான் போகும்.

விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்துத் தொழில் பார்க்கிற நம் ஆட்களுக்குக் கிழமை காட்டும் வாட்ச் நிஜமாகவே உதவுகிறது. இது கட்டுபவர்கள் சொன்னது.

திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் கூட ஓடுகிறதே?

பெரும்பாலும் காந்தம். போன் கவரில், ஸ்பீக்கரில், கைப்பை மூடியில் எல்லாம் காந்தம் இருக்கிறது. உள்ளே தலைமுடி போன்ற மெல்லிய சுருள் ஒன்று உண்டு, காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் வேகமாகிவிடும். படகில் உள்ள திசைகாட்டி பக்கத்தில் வாட்ச்சைக் கொண்டு போங்கள். முள் பதறினால் காந்தம்தான். காந்தம் எடுக்கும் கருவியில் வைத்தால் ஒரு நிமிட வேலை.

இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பழைய சீக்கோ, எச்.எம்.டி. கிடைக்கிறது. வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை பழைய மெஷினில் டயலுக்குப் புதுச் சாயம் அடித்து, பல வாட்ச்சுகளின் சாமானைச் சேர்த்துக் கட்டியவை. கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று கம்பெனி அந்த மாடலுக்குப் போடாத நிறத்தில் டயல், கலங்கிய எழுத்து, புத்தம்புதுக் கூடு, உள்ளே மட்டும் தேய்ந்த மெஷின். பின்மூடியைத் திறந்த படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ்?

மெஷினுக்கு ஐந்து வருடம். தண்ணீரில் புழங்கும் வாட்ச்சுக்கு வாஷர் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கொண்டு வாருங்கள், அவசரமில்லாமல் பார்க்கலாம். 7எஸ்26 மிகவும் தேய்ந்துவிட்டால் சர்வீஸுக்குப் பதிலாகப் சீக்கோவின் புது என்.எச்.36 மெஷினையே மாற்றிவிடலாம், டயலும் முள்ளும் அப்படியே உட்காரும். 4 மணி சாவி மாடலுக்குத் தேதி, கிழமைத் தட்டுகளைப் பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டி வரும். சீக்கோவுக்கு நம் ஊரில் உள்ள பெரிய வசதி இது.

கட்டாமல் வைத்தால் நின்றுவிடுமா?

நிற்கும். முழுதாக முறுக்கினால் 40 மணி நேரம் ஓடும். நின்றால் கெட்டுப்போகாது.

பெண்களுக்கு எது?

37 மில்லிமீட்டர் சீக்கோ 5, 38.4 மில்லிமீட்டர் பாம்பினோ இரண்டும் நன்றாக உட்காரும். கடல்பாசி எடுக்கப் போகும்போது இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அப்பா நாட்டுப்படகுத் தொழில். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒன்று வாங்க வேண்டும். நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

என் அப்பாவுக்கு என்றால் காமாசு அல்லது என்.ஒய்.0040. அவருக்குப் புறங்கையில் குத்துவது பிடிக்காது என்றால் 8 மணி சாவி உள்ள என்.ஒய்.0040. கிழமை எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று அவரையே கடைக்குக் கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது முக்கியம். கூடவே ஒரு ரப்பர் பட்டை, ஒரு ஜோடி பின். திருகு சாவியை எப்படி மூடுவது என்று அவர் கையைப் பிடித்து நாலு தடவை செய்து காட்டுங்கள்: முதலில் பின்பக்கமாக லேசாகத் திருப்ப வேண்டும், புரி உட்காருவது விரலுக்குத் தெரியும், அதன் பிறகு முன்பக்கமாக, இறுக்கிப் பிசையாமல். புரி தெரியாமல் திருகிக் கெடுத்த சாவிகள் ஒரு டப்பா நிறைய என் மேசையில் இருக்கின்றன.